சாளரம் உறைகிறது, பழி மொழிகளுக்கு

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். தன் பெயரும் கடையின் பெயரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். வயது இருபத்தேழு. தனியாக மென்பொருள் எழுதிக் கொடுத்துப் பிழைப்பவர். செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடைக்குப் பற்றுச்சீட்டு போடும் மென்பொருளைச் சித்திரையில் செய்து கொடுத்திருக்கிறார். கல்லாவில் தெரியும் சாளரத்தை சி ஷார்ப் மொழியில், விண்டோஸ் சாளரங்களை அமைக்க உதவும் வின்ஃபார்ம்ஸ் கொண்டு எழுதியிருக்கிறார். மின்தராசிலிருந்து எடையை வாங்குவது, தராசு விற்றவர்கள் கொடுத்த சி மொழி டிஎல்எல், அதாவது மற்ற நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் நிரல் கோப்பு. அதன் மூல நிரல் இவரிடம் இல்லை. மாலையில் இருப்புக் கணக்கையும் விற்பனை அறிக்கையையும் தயாரிப்பது பைதான் மொழியில் எழுதிய ஒரு நிரல்.

நாளுக்கு மூன்று நான்கு தடவை அந்தச் சாளரம் வெளிறி, தலைப்பில் "நாட் ரெஸ்பாண்டிங்" என்று காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. பெரும்பாலும் "எடை எடு" பொத்தானை அழுத்தும்போது. சில நாட்களில் மாலை அறிக்கை எடுக்கும்போது. கல்லாவில் இருப்பவர் டாஸ்க் மேனேஜரைத் திறந்து நிரலைக் கொன்றுவிட்டு மறுபடி தொடங்குகிறார். அப்படிக் கொன்றதில் ஒரு நாள் மூன்று பவுண் தாலிக்கொடிக்கான பற்றுச்சீட்டு, வாடிக்கையாளர் கண்முன்னே காணாமல் போயிருக்கிறது. முதலாளி மிச்சப் பணத்தை நிறுத்திவைத்திருக்கிறார். இவரது வீட்டு மடிக்கணினியிலோ ஒரு தடவைகூட அது உறைந்ததில்லை.

கடிதத்தில் மூன்று கேள்விகள். மூன்று மொழிகளைக் கலந்ததுதானே பிழை? எல்லாவற்றையும் சி ஷார்ப்பிலேயே திரும்ப எழுதிவிடலாமா? முதலாளிக்கு என்ன பதில் சொல்வது?

தம்பி, உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைச் சிரிக்க வைத்தது. "மூன்று மொழிகள் ஒரே வீட்டில் இருந்தால் சண்டை வரத்தானே செய்யும்" என்று எழுதியிருக்கிறீர்கள். கொழும்பில் இருந்துகொண்டு இதைச் சொல்லலாமா? புறக்கோட்டையில் ஒரே கடையில், ஒரே பேரத்தில், மூன்று மொழியும் புழங்குகிறது. அங்கே பேரம் நின்றுபோனால் பெரும்பாலும் கல்லாவில் ஆள் இல்லை என்று பொருள். உங்கள் சாளரத்துக்கும் அதுதான் நேர்ந்திருக்கிறது.

மொழிக்கலப்பு உங்களுக்குத் தெரியாமலே எல்லா இடத்திலும் இருக்கிறது. நாம் பயன்படுத்தும் வழக்கமான பைதானின் உள்ளே இருப்பது சி. வின்ஃபார்ம்ஸின் ஒவ்வொரு பொத்தானுக்கும் பின்னால் விண்டோஸின் சி இடைமுகம் இருக்கிறது. கலப்பு தன்னளவில் நோயென்றால், உலகில் ஒரு கணினியும் காலையில் எழும்பாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு களஞ்சியத்துக்கு விஷுவல் பேசிக்கில் எழுதிய நிரல் உறைகிறது என்று, மூன்று மாதம் செலவழித்து முழுவதையும் ஜாவாவில் திரும்ப எழுதினேன். புதியது முதல் வாரத்திலேயே அதே இடத்தில் உறைந்தது. காரணம், மேல்மாடியில் யாரோ அணைத்துவைத்திருந்த அச்சுப்பொறி. பழையதும் அந்த அச்சுப்பொறியின் பதிலுக்குத்தான் காத்திருந்தது, புதியதும் அதற்குத்தான். மூன்று மாதச் சம்பளத்தை யாரிடம் கேட்பது?

வெளிறிய சாளரம் என்ன சொல்கிறது

விண்டோஸில் ஒவ்வொரு சாளரத்தையும் உருவாக்கிய த்ரெட், அதாவது நிரலுக்குள் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துகொண்டு போகும் இழை, ஒன்று இருக்கும். சுட்டி நகர்ந்தது, விசை அழுத்தப்பட்டது, சாளரத்தைத் திரும்ப வரை என்ற செய்திகள் எல்லாம் அந்த த்ரெட்டின் வரிசையில் வந்து விழும். அது ஒவ்வொன்றாக எடுத்துக் கவனிக்க வேண்டும். ஏறத்தாழ 5 செக்கன் வரிசையின் பக்கமே திரும்பாவிட்டால் விண்டோஸ் அந்தச் சாளரத்தை மறைத்து, கடைசியாகத் தெரிந்த படத்தை ஒட்டிய ஒரு போலிச் சாளரத்தை அதன் இடத்தில் வைக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து வரும் ஏற்பாடு இது. பயனர் குறைந்தபட்சம் அதை நகர்த்தவோ மூடவோ முடியட்டும் என்பதற்காகச் செய்தது.

ஆகவே நீங்கள் பார்க்கும் வெளிறிய முகம் உங்கள் நிரலுடையதே அல்ல. நிரல் சாகவும் இல்லை. அதன் சாளர த்ரெட் வேறெங்கோ காத்து நிற்கிறது, அவ்வளவுதான். ஏழாவது செக்கனில் தராசு பதில் சொன்னால் எல்லாம் பழையபடி உயிர் பெறும். உங்கள் கடிதத்திலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது: "ஆரம்பத்தில் சில தடவை தானாகவே சரியாகிவிட்டது" என்கிறீர்கள்.

தாலிக்கொடிப் பற்றுச்சீட்டு தொலைந்ததற்கும் இதில் விடை இருக்கிறது. அதைத் தொலைத்தது உறைதல் அல்ல, கொலை. எல்லா வரிகளையும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு கடைசியில் "அச்சிடு" அழுத்தும்போது மட்டும் தரவுத்தளத்தில் எழுதுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். உறைதலைத் தீர்ப்பதற்கு முன்பே, இன்றிரவே, ஒவ்வொரு வரியும் சேரும்போது அதை வரைவாகத் தரவுத்தளத்தில் எழுதும்படி மாற்றிவிடுங்கள். நாளைக்கு யாராவது மின்கம்பியில் கால் தடுக்கி விழுந்தாலும் பற்றுச்சீட்டு பிழைக்கும்.

தராசு ஏன் பதில் சொல்லவில்லை

நகைக்கடைத் தராசை நீங்கள் என்னைவிட அதிகம் பார்த்திருப்பீர்கள். ஆனாலும் ஒரு தடவை முதலாளியின் கண்ணால் பாருங்கள். ஒரு பவுண் நாணயத்தைத் தட்டில் வைத்தால் எண் உடனே 8.000 என்று நிற்பதில்லை. 7.996, 8.003, 7.999 என்று ஆடி, பிறகு ஓய்கிறது. ஓய்ந்ததும் ஓரத்தில் ஒரு சிறிய குறி எரியும். அந்தக் குறி எரிந்த பிறகுதான் அந்த எடை செல்லும்.

டிஎல்எல்லில் நீங்கள் அழைக்கும் சார்பின், அதாவது ஃபங்ஷனின், பெயரை வைத்துப் பார்த்தால், அது "நிலைத்த எடை கிடைக்கும்வரை திரும்பாதே" என்ற வகை. உங்கள் வீட்டு மேசையில் தராசு அசையாமல் இருந்தது; அரைச் செக்கனில் எடை நிலைத்தது. கடையில் கல்லாவுக்கு நேர் மேலே மின்விசிறி ஓடுகிறது என்று மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கண்ணாடி மூடியைத் திறந்துவைத்தே நிறுக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். செட்டியார் தெருவில் பார வண்டி திரும்பினால் கண்ணாடி அலமாரியே அதிரும். மில்லிகிராமை உணரும் தட்டுக்கு அது பூகம்பம். எண் ஓயவே இல்லை. சார்பு திரும்பவே இல்லை. அந்தச் சார்பைக் கூப்பிட்டது உங்கள் சாளர த்ரெட். கல்லாவில் இருக்க வேண்டியவரைப் பின்கட்டுக்கு அனுப்பி, பத்தர் வேலை முடிக்கும்வரை அங்கேயே நிற்கச் சொன்னது போல.

இப்போது உங்கள் இரண்டாம் கேள்வியை இதன் மேல் வைத்துப் பாருங்கள். டிஎல்எல்லைத் தூக்கி எறிந்துவிட்டு, வயர் வழியே கருவிகளோடு பேச உதவும் சி ஷார்ப்பின் சீரியல்போர்ட் வகுப்பைக் கொண்டு நேரடியாகத் தராசைப் படிக்கலாம். மொழி ஒன்றாகிவிடும். ஆனால் அந்த வகுப்பில் படிப்பதற்கான காலக்கெடு, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், முடிவிலி. தராசின் வயர் கழன்றால் உங்கள் தூய சி ஷார்ப் நிரலும் அதே வெளிறிய முகத்தைத்தான் காட்டும்.

ஒரு குறுக்குவழி உங்கள் மனதில் ஓடும் என்று தெரியும்: நிலைக்கும்வரை ஏன் காத்திருக்க வேண்டும், வந்த எண்ணை எடுத்துக்கொள்ளலாமே. வேண்டாம் தம்பி. அளவீட்டுத் திணைக்களத்தார் சோதித்து முத்திரை வைத்த தராசில், நிலைக்காத எண்ணைப் பற்றுச்சீட்டில் ஏற்றினால், தொழில்நுட்பப் பிரச்சினையைப் பணத் தகராறாக மாற்றுகிறீர்கள். நிலைக்காத எடையைத் திரையில் சாம்பல் நிறத்தில் ஓடவிடலாம், பற்றுச்சீட்டுக்குள் விடக்கூடாது.

மாலை அறிக்கையின் நோய் வேறு

இரண்டு இடங்களிலும் முகம் ஒன்றாக வெளிறுவதால் நோயும் ஒன்றென்று நினைத்துவிட்டீர்கள். அறிக்கைப் பகுதியிலிருந்து நீங்கள் நறுக்கி அனுப்பிய பத்து வரிகளைப் பார்த்தேன். பைதானைத் தனி நிரலாகத் தொடங்குகிறீர்கள், அது முடியும்வரை காத்திருக்கிறீர்கள், முடிந்த பிறகு அது எழுதியதைப் படிக்கிறீர்கள். பார்வைக்கு நியாயமான வரிசை. தவறு அந்த வரிசையில்தான் இருக்கிறது.

இரண்டு நிரல்களுக்கும் இடையில் ஒரு குழாய். அதன் கொள்ளளவு சில கிலோபைட் மட்டுமே. பைதான் எழுத எழுதக் குழாய் நிரம்புகிறது. நிரம்பியதும், யாராவது அதைக் காலி செய்யட்டும் என்று பைதான் நின்றுவிடுகிறது. காலி செய்ய வேண்டியவர் நீங்கள். நீங்களோ பைதான் முடியட்டும் என்று காத்திருக்கிறீர்கள். இதற்கு விடிவே இல்லை. வீட்டில் முப்பது உருப்படிகளை வைத்துச் சோதித்தீர்கள், குழாய் நிரம்பவில்லை. கடையில் நாலாயிரத்துக்கு மேல் உருப்படிகள். போதாததற்கு, கல் எடை பதியாத ஒவ்வொரு பதக்கத்துக்கும் பிழைகளுக்கென்று தனியே இருக்கும் பிழைக் குழாயில் ஒரு எச்சரிக்கை வரி வேறு எழுதுகிறீர்கள். சில நாட்களில் மட்டும் உறைவதன் மர்மம் இதுதான்: எச்சரிக்கைகள் குறைவான நாளில் குழாய் தாங்கிக்கொள்கிறது.

வெளியீட்டுக் குழாய், பிழைக் குழாய் இரண்டையும், பைதான் ஓடிக்கொண்டிருக்கும்போதே படியுங்கள். ஒன்றை முழுவதும் படித்துவிட்டு மற்றதற்குப் போனாலும் இதே கதைதான். சி ஷார்ப் ஓடும் தளமான டாட் நெட்டில் இரண்டையும் பின்னணியில் வரிவரியாகப் படிக்க வசதி உண்டு. அதைவிட எளிது, அறிக்கையைப் பைதான் ஒரு கோப்பில் எழுதட்டும். குழாய் வழியே "முடிந்தது" என்ற ஒற்றை வரி மட்டும் வரட்டும்.

இதோடு ஒட்டிய இரண்டு சிறு விடயங்கள். முன்னேற்றப் பட்டை சுழியத்திலேயே நின்று கடைசியில் ஒரேயடியாக நூறுக்குத் தாவுகிறது என்கிறீர்கள். வெளியீடு திரைக்குப் போகாமல் குழாய்க்குப் போகும்போது பைதான் அதைச் சேர்த்துவைத்து மொத்தமாகத்தான் தள்ளும். ஒவ்வொரு பிரிண்டிலும் ஃப்ளஷ் செய்ய, அதாவது சேர்த்துவைக்காமல் உடனே தள்ள, சொல்லுங்கள். மற்றது, அட்டியல், தாலிக்கொடி என்று தமிழில் பெயர் வந்தால் சில கணினிகளில் அறிக்கை முறிந்துவிடுவது. அங்கே பைதான் விண்டோஸின் பழைய எழுத்துக் குறியீட்டில் எழுத முயன்று தோற்கிறது. பைதான் 3.7 முதல், எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யூடிஎஃப்-8 முறை என்று ஒன்று உண்டு. அதை இயக்குங்கள், சி ஷார்ப் பக்கத்திலும் படிக்கும் குறியீட்டை யூடிஎஃப்-8 என்று சொல்லுங்கள்.

நீங்களே செய்துகொண்ட வைத்தியங்கள்

இங்கே கொஞ்சம் கடிந்துதான் பேச வேண்டியிருக்கிறது. இணையத்தில் கிடைத்த மூன்று மருந்துகளை ஒரே வாரத்தில் கொடுத்திருக்கிறீர்கள்.

முதலாவது, டூஈவென்ட்ஸ். விஷுவல் பேசிக் காலத்தில் நாங்கள் எல்லோரும் கைப்பழக்கமாக எழுதியது. வரிசையில் கிடக்கும் செய்திகளை எல்லாம் அந்த இடத்திலேயே எடுத்துக் கவனி என்று அது சொல்கிறது. அதனால் சாளரம் உயிரோடு இருப்பது போலத் தெரியும். ஆனால் அந்தச் செய்திகளில், பொறுமை இழந்த கல்லாக்காரர் இரண்டாம் தடவை அழுத்திய "அச்சிடு" பொத்தானும் இருக்கும். முதல் அச்சிடல் முடியாமலே அதன் வயிற்றுக்குள் இரண்டாவது தொடங்கிவிடும். ஒரே பற்றுச்சீட்டு இரண்டு எண்களில் அச்சானது என்று திகைத்து எழுதியிருக்கிறீர்களே, இதுதான் அது.

இரண்டாவது, தராசு வேலையைத் தனி த்ரெட்டுக்கு மாற்றியது. சரியான திசை. ஆனால் அந்த த்ரெட் எடைப் பெட்டியைத் தொட்டதும் "கிராஸ் த்ரெட்" என்ற பிழை வந்தது. உடனே அந்தச் சோதனையையே ஒரு வரியில் அணைத்துவிட்டீர்கள். இரவில் நாய் குரைக்கிறது என்று நாயை விற்ற கதை. அந்த வரியை எடுத்துவிடுங்கள். சாளரத்தில் உள்ள எதையும் அதை உருவாக்கிய த்ரெட் மட்டுமே தொட வேண்டும். மற்றவர்கள் அதனிடம் கேட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, கேட்டுக்கொண்ட விதம். த்ரெட் முடியும்வரை காத்திரு என்று பொத்தானின் நிரலில் எழுதினீர்கள். த்ரெட்டின் உள்ளே இன்வோக் கொண்டு எடையை எழுதச் சொன்னீர்கள். இன்வோக் என்பது, சாளர த்ரெட் செய்து முடிக்கும்வரை நானும் நிற்பேன் என்ற வகை. சாளரம் த்ரெட்டுக்காக நிற்கிறது, த்ரெட் சாளரத்துக்காக நிற்கிறது. "இப்போதெல்லாம் தானாக மீள்வதே இல்லை" என்று கடைசிப் பக்கத்தில் வந்த மாற்றம் இதனால் வந்தது. முன்பு இருந்தது நீண்ட காத்திருப்பு. இப்போதிருப்பது முடிவே இல்லாத காத்திருப்பு. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது. காத்திருக்கும் வரியை நீக்குங்கள். இன்வோக்குக்குப் பதில் பிகின்இன்வோக் போடுங்கள், அது செய்தியைப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கும். த்ரெட்டை நிறுத்தாமலே காத்திருக்கும் அவெய்ட் கொண்டு எழுதினால் இன்னும் சுத்தமாக வரும். ஆனால் அவெய்ட் எழுதிய சார்பை வேறொரு இடத்தில் டாட் ரிசல்ட் என்று பிடுங்கினால் மறுபடியும் இதே முட்டுக்கட்டைதான்.

இரண்டு தடவை சாளரம் ஒரு சொல்லும் சொல்லாமல் மறைந்துபோனது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது வேறு நோய். மொழிக்கலப்பைக் குறை சொல்ல வேண்டுமானால் இந்த ஒரு இடத்தில்தான் சொல்லலாம். எடை மாறும்போது கூப்பிடு என்று டிஎல்எல்லிடம் ஒரு சி ஷார்ப் டெலிகேட்டை, அதாவது கூப்பிட வேண்டிய சார்பைச் சுட்டும் பொருளை, கொடுத்திருக்கிறீர்கள். அதை உங்கள் பக்கத்தில் யாரும் பிடித்துவைத்திருக்கவில்லை. குப்பை சேகரிப்பவர், அதாவது கார்பேஜ் கலெக்டர், யாருக்கும் வேண்டாத பொருள் என்று அதை அள்ளிக்கொண்டு போய்விடுகிறார். சி பக்கத்துக்கு அது தெரியாது; இல்லாத முகவரிக்குக் கூப்பிடுகிறது; நிரல் விழுகிறது. டெலிகேட்டை வகுப்பின் ஒரு புலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கையோடு, சார்பை அழைக்கும் மரபு சிடெக்கலா எஸ்டிடிகாலா என்பதைத் தராசுக்காரரின் ஹெடர் கோப்பில் பாருங்கள்; நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால் சி ஷார்ப் எஸ்டிடிகால் என்று எடுத்துக்கொள்ளும். 32 பிட் நிரலில் இது பொருந்தாவிட்டால் அடுக்கு, அதாவது எந்தச் சார்பு எதை அழைத்தது என்று நினைவகத்தில் இருக்கும் குறிப்பு, குலையும்.

உறைந்திருக்கும்போதே பிடியுங்கள்

இதுவரை சொன்னது கடிதத்தை வைத்துச் சொன்ன ஊகம். நாடி பார்க்காமல் மருந்து எழுதுவது எனக்குப் பிடிக்காது. உறைந்த நிரலைக் கொல்லுவது, சாட்சியைக் கொல்லுவது. அடுத்த தடவை உறையும்போது கல்லாக்காரர் உங்களைத் தொலைபேசியில் கூப்பிடட்டும், நிரலைத் தொட வேண்டாம்.

டாஸ்க் மேனேஜரில் முதலில் சிபியு எவ்வளவு என்று பாருங்கள். சுழியத்தை ஒட்டி இருந்தால் நிரல் எதற்கோ காத்திருக்கிறது. நான்கு லாஜிக்கல் கோர் உள்ள கணினியில் 25 சதவீதத்தில் அசையாமல் நின்றால், ஒரு த்ரெட் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு எண் பாதி வேலையை முடித்துவிடும். பிறகு விவரங்கள் தாவலில் நிரலின் மேல் வலது சொடுக்கினால் காத்திருப்புச் சங்கிலியை ஆராயும் வசதி இருக்கும். எல்லா வகைக் காத்திருப்பையும் அது காட்டாது, காட்டினால் அதிர்ஷ்டம்.

அதே பட்டியலில், நிரலின் அந்த நேரத்து நினைவகத்தைப் பதிவு செய்யும் டம்ப் கோப்பை உருவாக்கும் வசதியும் உண்டு. தராசு டிஎல்எல் 32 பிட் என்பதால் உங்கள் நிரலும் 32 பிட்டாகத்தான் ஓடுகிறது. சாதாரண டாஸ்க் மேனேஜர் 64 பிட். அது எடுத்த டம்ப்பில் சி ஷார்ப் பகுதியைப் படிப்பதற்குள் தலை நரைத்துவிடும். விண்டோஸ் கோப்புறையில் சிஸ்வவ்64 என்பதற்குள் இருக்கும் 32 பிட் டாஸ்க் மேனேஜரைத் திறந்து அதில் எடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து விஷுவல் ஸ்டூடியோவில், சி ஷார்ப், சி இரண்டையும் காட்டும் கலப்பு முறையில் திறக்கச் சொல்லுங்கள். சி ஷார்ப் மட்டும் என்று திறந்தால், டிஎல்எல்லின் வாசல்வரை காட்டிவிட்டு அதற்கு மேல் மூடிக்கொள்ளும். சாளர த்ரெட்டின் அடுக்கை மேலிருந்து படியுங்கள். உச்சியில் விண்டோஸின் ஏதோ ஒரு காத்திருப்புச் சார்பு இருக்கும், அதை விடுங்கள். அதற்குக் கீழே முதலில் வரும் பெயர் தராசு டிஎல்எல்லுடையதா, த்ரெட் முடியக் காத்திருக்கும் உங்களுடைய ஜாயினா, பைதான் முடியக் காத்திருப்பதா? நோயின் பெயர் அங்கே எழுதியிருக்கும். பைதான் பக்கம் நின்றால், பை-ஸ்பை என்ற சிறு கருவி ஓடும் பைதான் எந்த வரியில் நிற்கிறது என்று, நிரலை மாற்றாமலும் மறுபடி தொடங்காமலும் காட்டும்.

ஒரு எச்சரிக்கை. அந்த டம்ப் கோப்பில் அந்த நேரத்து நினைவகம் அப்படியே இருக்கும்: வாடிக்கையாளரின் பெயர், அடையாள அட்டை எண், வாங்கிய நகை, விலை எல்லாம். உதவி கேட்டு அதை நண்பருக்கோ தராசுக்காரருக்கோ மின்னஞ்சலில் தட்டிவிடாதீர்கள். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்று இந்த நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், எந்த வீட்டில் எத்தனை பவுண் இருக்கிறது என்ற தகவல் அது. அடுக்கின் உரையை மட்டும் நகலெடுத்து அனுப்பினால் போதும்.

திரும்ப எழுதுவதா, பிரித்து வைப்பதா

திரும்ப எழுதுவதற்கு என் ஓட்டு இல்லை. ஆடி பிறந்துவிட்டது, கடைக்குச் சற்று ஓய்வான மாதம். ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கியதும் புது மென்பொருளோடு கல்லாவில் நிற்க எந்த முதலாளியும் சம்மதிக்க மாட்டார்.

தராசு டிஎல்எல்லை உங்கள் நிரலுக்குள்ளேயே ஒரு தனி த்ரெட்டில் வைக்கலாம். எல்லா அழைப்புகளும் அந்த ஒரே த்ரெட்டிலிருந்து போக வேண்டும். இப்படிப்பட்ட டிஎல்எல்கள் பல த்ரெட்களைத் தாங்கும் என்று நம்பக்கூடாது. இரண்டு நாள் வேலை. இதில் ஒரு குறை: டிஎல்எல் உள்ளே சிக்கிக்கொண்டால் அந்த த்ரெட்டை வெளியே இழுக்க வழியில்லை. த்ரெட்டை இடையில் வெட்டும் அபார்ட் கட்டளை டாட் நெட் கோர் வந்ததிலிருந்து வேலை செய்வதில்லை. பழைய ஃபிரேம்வொர்க்கிலும் சி நிரலுக்குள் நிற்கும் த்ரெட்டை அது அசைக்காது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் தராசை ஒரு குட்டி நிரலாகவே பிரித்து வைப்பேன். சாளரம் இல்லாத, 32 பிட், நூற்றைம்பது வரி நிரல். எடையைப் படித்து, நேம்ட் பைப் என்ற பெயரிட்ட குழாய் வழியே பெரிய நிரலுக்குச் சொல்வது மட்டும் அதன் தொழில். 10 செக்கன் பதில் இல்லையென்றால் பெரிய நிரல் அதைக் கொன்று மறுபடி தொடங்கும். பற்றுச்சீட்டுக்கு ஒன்றும் ஆகாது. பெரிய நிரலை நாளைக்கு 64 பிட்டாக மாற்றவும் வழி பிறக்கும். நான்கைந்து நாள் வேலை, ஆனால் நிம்மதியான வேலை. அதற்கு முன் கையேட்டைப் புரட்டுங்கள். நிலைக்கும்வரை காத்திருக்கும் சார்போடு, இப்போதைய எடையையும் நிலைத்ததா என்பதையும் உடனே சொல்லும் சார்பும் இருந்தால் வேலை இன்னும் சுருங்கும்.

தராசுக்காரரின் எடைச் சாளரத்தையே உங்கள் சாளரத்துக்குள் பிள்ளையாக ஒட்டிவிடும் யோசனையை மட்டும் கைவிடுங்கள். இரண்டு நிரல்களின் சாளரங்களை அப்படிப் பெற்றோர் பிள்ளை ஆக்கினால், விண்டோஸ் இரண்டின் உள்ளீட்டு வரிசைகளையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடும். பிறகு அது உறைந்தால் இதுவும் உறையும். இவ்வளவு பாடுபட்டுப் பிரித்ததை நீங்களே சேர்த்துவைப்பதாகும்.

முதலாளியிடம் என்ன சொல்வது

நான் வழக்கறிஞர் அல்ல. மிச்சப் பணத்தைப் பற்றிய உடன்பாடு எழுத்தில் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவும் இல்லை. ஆகவே தொழில்காரனாக மட்டும் சொல்கிறேன். "மொழிகள் ஒத்துப்போகவில்லை" என்று அவரிடம் சொல்லாதீர்கள். உண்மையும் இல்லை, கேட்பவருக்கு, உங்களுக்குத் தொழில் தெரியாது என்றுதான் படும். ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: எந்தெந்த நாளில், எந்தப் பொத்தானில் நின்றது, பற்றுச்சீட்டு இனித் தொலையாதபடி என்ன செய்தாயிற்று, தராசுப் பகுதி எந்தத் தேதிக்குள் மாறும். பற்றுச்சீட்டு பாதுகாப்பானதும் மிச்சத்தில் பாதி, ஒரு வாரம் உறையாமல் ஓடினால் மறுபாதி என்று கேளுங்கள். கொடுக்காவிட்டால் மென்பொருளை நிறுத்திவிடுவேன் என்ற பேச்சை, கடிதத்தில் அடித்துவிட்டீர்கள் ஆனாலும் எனக்குத் தெரிந்தது. அதை மனதிலிருந்தும் அடித்துவிடுங்கள். அந்தக் கல்லாவில் ஓடுவது உங்கள் மென்பொருள்தான், ஆனால் அதில் இருக்கும் கணக்கு அவருடையது.

நாளைக் காலை கடை திறப்பதற்கு அரை மணி முன்னதாகப் போங்கள். மின்விசிறியை முழு வேகத்தில் போட்டு, தராசின் கண்ணாடி மூடியைத் திறந்துவைத்து, ஒரு பவுண் நாணயத்தை வைத்து "எடை எடு" அழுத்துங்கள். எத்தனை செக்கனில் திரும்புகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மின்விசிறியை அணைத்து, மூடியைச் சாத்தி, மறுபடி அழுத்துங்கள். இரண்டு எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள்.